பீச்சாங்கைக்குப் பதவி உயர்வு

மார்ச் 3, திங்கள்

இன்றும் கஞ்சி. ஒரு காலத்தில் தோட்டத்துக் கல்யாணங்களில் ஒரு பந்தியைத் தனியாளாகத் தின்று தீர்த்து, அடுத்த பந்தியையும் பயமுறுத்தியவன் இந்தப் பத்துமலை. இப்போது ஈப்போவில் ஒரு பராமரிப்பு இல்லத்தில் தாதி கரண்டியை நீட்டுகிறாள், நான் ஆ காட்டுகிறேன். ஸ்ட்ரோக் வந்ததிலிருந்து வலது கை மடியில் படுத்துக் கிடக்கிறது, சம்பளம் மட்டும் வாங்கும் தோட்டத்து ஆபீஸ் கிராணி மாதிரி.

இடது கையால் நானே சாப்பிடலாமாம். அதற்குக் கஞ்சிக் கரண்டியே மேல். எழுதுவதற்கு மட்டும்தான் அந்தக் கைக்கு அனுமதி. எழுத்தா இது? கோழி கிளறிய மண்.

அசதி.

மார்ச் 5

தெரப்பிக்குப் புதிதாக ஷர்மினி என்ற பெண் வருகிறாள். காம்பார் ஊர்க்காரி. முன்பு வந்தவன் பொத்தான் போடு, சீப்பைப் பிடி என்று அவனே முடிவு செய்துவிடுவான். இவள் கேட்கிறாள்: "அங்கிள், நீங்க என்ன செய்யணும்னு ஆசைப்படுறீங்க?"

"கிந்தா ஆத்த ஒரே மடக்குல குடிக்கணும்."

"சரி. அப்புறம்?"

"தைப்பிங் மழைய ஒரு அதட்டு அதட்டி நிறுத்தணும்."

சிரிக்கவில்லை. "யோசிச்சு வைங்க அங்கிள், மறுபடி வாரேன்." போய்விட்டாள். என் பொய்க்கு மயங்காத முதல் ஜீவன்.

மார்ச் 8

மகள் தினேஸ்வரி வந்தாள். என் மனைவி நவமணிக்கு ஞாபகம் தப்பி இரண்டு வருஷம். பெற்ற மகளின் பேரை மறந்தவள், என் கையை மறக்கவில்லை. நான் பிசைந்து ஊட்டினால்தான் வாய் திறப்பாள். நான் இங்கே வந்தபின் எங்கள் புந்தோங் வீட்டில் தட்டு அப்படியே திரும்புகிறதாம்.

"நெஞ்செலும்பு தெரியுதுப்பா. இன்னும் எடை குறைஞ்சா மூக்குல டியூப் போடணும்னு டாக்டர் சொல்லிட்டாரு."

பிடுங்கி எறிவாள். பிடுங்கினால் கையைக் கட்டுவார்கள். நவமணியின் கையையா?

இன்றைக்கு வேடிக்கை எழுத வரவில்லை.

மார்ச் 10

ஷர்மினியிடம் சொல்லிவிட்டேன். "அவளுக்கு ஒரு வாய் சோறு ஊட்டணும்மா. அவ்வளவுதான்."

"அப்ப அதுதான் நம்ம வேலை." பொத்தான் பலகை, சீப்பு எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போனாள். மதியம் மேசையில் சோறும் பருப்பும் வந்து உட்கார்ந்தன.

மார்ச் 19

வலது கை சோற்றைத் தொட்டது. தொட்டதோடு சரி. விரல் மடங்கினால் விரிவதில்லை.

"வலது கைய விட மாட்டோம் அங்கிள். ஆனா எப்ப வரும்னு என்னால சத்தியம் பண்ண முடியாது. இடது கை நல்லா இருக்கே?"

கத்திவிட்டேன். "பீச்சாங்கையாலயா? பொறந்ததுலேருந்து அதுக்கு ஒரே டிப்பார்ட்மெண்ட்தான்! அத அவ வாய்கிட்ட கொண்டு போவேனா?"

"இந்தக் கையாலதானே எழுதுறீங்க."

"எழுத்துல எச்சி இல்லலா!"

கோபிக்கவில்லை. "நீங்கதான் முடிவு பண்ணணும் அங்கிள்" என்று தட்டை அப்படியே விட்டுப் போனாள். திட்டியிருந்தால் தூங்கியிருப்பேன்.

மார்ச் 27

மகள் போன் செய்தாள். நோன்புப் பெருநாள் முடிந்த மறுவாரம் டியூப் போடுகிறார்களாம்.

மார்ச் 31

நோன்புப் பெருநாள். ஷர்மினி லீவு. இல்லமே அமைதி. தாதியிடம் இடது கை நகத்தை வெட்டச் சொன்னேன். சோப்புப் போட்டேன், மறுபடி போட்டேன், கல்யாண மாப்பிள்ளைக்குக்கூட இந்தக் குளியல் கிடைத்திருக்காது. பிறகு சோற்றில் வைத்தேன். மன்னித்துக்கொள் நவமணி.

கன்னத்தில் சோறு, சட்டையில் சோறு. பேராக் மாநிலக் காக்கைகளுக்கெல்லாம் விருந்து வைக்கலாம். கடைசியில் ஒரு உருண்டை உடையாமல் நின்றது. தின்னவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தேன்.

ஏப்ரல் 2

சட்டையில் காய்ந்த பருப்பு காட்டிக் கொடுத்துவிட்டது. ஷர்மினி தட்டு நழுவாதபடி அடியில் ஈரத்துணி விரித்தாள்.

"ஆண்ட்டி உங்களுக்கு எந்தப் பக்கம் உக்காருவாங்க?"

"எப்பவும் வலது பக்கம்."

"அப்ப நாற்காலிய இடது பக்கம் மாத்துவோம்."

நாற்பது வருஷக் குடும்பத்தை ஒரே இழுப்பில் இடம் மாற்றிவிட்டாள்.

ஏப்ரல் 6, ஞாயிறு

மகள் நவமணியை அழைத்து வந்தாள். எப்படி இளைத்துவிட்டாள்! சக்கர நாற்காலியில் இருக்கும் இந்தக் கிழவன் யார் என்பது போல என்னைப் பார்த்தாள். ரசம் சோறு, உருளைக்கிழங்கு. பிசைந்தேன். இடது கையால் ஒரு வாய் எடுத்து நீட்டினேன். அவள் உதட்டை இறுக்கிக்கொண்டாள். மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

நவமணி கையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மறுபடி கையை.

"சோத்தாங்கை எங்க? மாமியா வீட்டுக்குப் போயிருக்கா?"

"லீவுல இருக்குடி."

"சோம்பேறி" என்றாள். வாயைத் திறந்தாள்.

ஏப்ரல் 14

சித்திரைப் புத்தாண்டு. மதியந்தோறும் மகள் அவளைக் கொண்டுவந்து விடுகிறாள். டியூபைத் தள்ளி வைத்திருக்கிறார்கள், வேண்டாம் என்று சொல்லிவிடவில்லை. சில நாள் பாதித் தட்டு, சில நாள் நாலு வாய். வலது கை இன்னும் லீவில்தான். இடது தோள் இற்றுப்போகிறது.

இன்று அவள் மிச்சம் வைத்ததை, தாதி கரண்டியோடு வருவதற்குள், அதே கையால் நானே தின்று முடித்தேன். உப்பு கொஞ்சம் கம்மி.