முகாம் தறப்பாளும் குதிரையின் இருமலும்

இஞ்சேருங்கோ,

மகள் வினோஜாவின்ர விடுதிக்கு நெளுக்குளம் போறன். பொழுதுபட முதல் வந்திடுவன். வயலால வந்து சாப்பிடுங்கோ, சோறும் கத்தரிக்காய்க் குழம்பும் குசினியில மூடிக் கிடக்கு.

பனி பிடிச்சுத்தான் குதிரை இருமுது எண்டு ராத்திரி என்னோட சண்டை பிடிச்சியள். பனியில்லை. மழையில நனைஞ்ச வைக்கலை உள்ளுக்கே அடுக்கி, கொட்டிலைச் சுத்திவரத் தறப்பாள் கட்டினா, பூஞ்சணமும் தூசியும் எங்கை போறது? காலமை உள்ளுக்குப் போனன், மூத்திர நெடியில எனக்கே கண் எரிஞ்சது. அந்த வைக்கலை வெளியில எறிஞ்சிட்டன். புதுசைத் தூசி அடங்கக் கொஞ்சம் தண்ணி தெளிச்சுப் போடுங்கோ. கொட்டில் கூட்டேக்க குதிரைப் பெட்டையை வெளியில வேப்பமரத்தில கட்டுங்கோ. சனிக்கிழமை கலியாண வாடகைக்குப் போய், மாப்பிள்ளையை ஏத்திக்கொண்டு இருமினா ஊரே சிரிக்கும்.

மேற்குப் பக்கத் தறப்பாளை அவிழ்க்கப் போகேக்கதான் பாத்தன். அது இடம்பெயர்ந்து முகாமில இருக்கேக்க எங்களுக்குக் கூடாரமாக் கிடந்த தறப்பாள். அதுக்குள்ள வினோஜா கைக்குழந்தையா மூச்சு முட்டி இருமேக்க, "பிள்ளைக்குக் காத்து வேணுமப்பா" எண்டு கத்தியால சதுரமா ஒரு யன்னல் வெட்டினியள். அந்த வெக்கைக்குள்ள அதால வந்த காத்து மாதிரி பிறகு எந்த வீட்டிலயும் எனக்கு வரேல்லை.

அந்த யன்னலையே இப்ப உரப்பை வைச்சுத் தைச்சு மூடியிருக்கிறியள்.

மலர்

பி.கு. கோவிக்காதேங்கோ. மற்றப் பக்கங்களை அவிழ்த்திட்டன். மேற்கில தையலை மட்டும் பிரிச்சன். குதிரை அந்த யன்னலுக்குள்ளால தலையை நீட்டி, நீங்கள் வாற வழியைப் பாத்துக்கொண்டு நிக்கிறாள்.