மாண்ட்ரியாலிலிருந்து ஏழரை மணி நேரம்

அல்ஜியர்ஸ், மார்ச் 2

அண்ணா,

அம்மா நலம் விசாரிக்கச் சொன்னாள். நான் விசாரிக்கவில்லை. போனில் பேசினால் நீயும் கத்துவாய், நானும் கத்துவேன், அதனால்தான் கடிதம்.

என் நிக்காஹை மூன்றாவது தடவையாகத் தள்ளிப் போட்டிருக்கிறாய். அப்பா இல்லாத வீட்டில் இமாம் முன்னால் உட்கார்ந்து, மாப்பிள்ளை கையைப் பிடித்துத் தங்கையைக் கொடுக்க வேண்டியவன் அண்ணன். அங்கிருந்து இங்கே ஆறாயிரத்து இருநூற்றைம்பது கிலோமீட்டர். நேர் விமானத்தில் ஏழரை மணி நேரம். எனக்கு முப்பத்து நாலு வயதாகிறது. ராபஹ் இரண்டு வருஷமாக வாய் திறக்காமல் காத்திருக்கிறார். உனக்கு மனசாட்சி என்று ஒன்று இருக்கிறதா?

கோபத்துடன்,
ஹசீபா

மாண்ட்ரியால், மார்ச் 21

அன்புத் தங்கை ஹசீபாவுக்கு,

ஏழரை மணி நேரம் என்று லேசாக எழுதிவிட்டாய். விமான நிலையத்தில் மூன்று மணி நேரம் முன்னால் நிற்க வேண்டும். இறங்கினால் பாஸ்போர்ட் வரிசை, பெட்டி, நம் ஊர் நெரிசல். வர ஒரு நாள், போக ஒரு நாள். கோடை வரை எனக்கு ஒரு நாள்கூட லீவு கிடையாது.

அதுவும் தவிர, விவாகரத்தான ஒரு டிராம் டிரைவரைக் கட்டிக்கொள்ள ஏன் இத்தனை அவசரம்? உன் நல்லதுக்குத்தான் சொல்கிறேன். அம்மாவின் கையை முத்தமிட்டதாகச் சொல்.

உன் அண்ணன்,
தௌஃபீக்

அல்ஜியர்ஸ், ஏப்ரல் 25

தௌஃபீக்,

நேற்று மௌலூத் வந்தான். பள்ளிக்கூடத்தில் உன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தவன், இப்போது விமான நிலையத்தில் டாக்ஸி ஓட்டுகிறவன். இரண்டு வாரத்துக்கு முன்னால் உன்னையும் உன் பெண்டாட்டி லிண்டாவையும் அவன்தான் செத்தீஃப் நகரத்துக்குக் கொண்டுபோய் விட்டானாம். லிண்டாவின் தங்கைக்குக் கல்யாணமாம். எங்களிடம் சொல்ல வேண்டாம் என்றாயாம். சொல்லாமல் அவனால் சோறு தின்ன முடியவில்லை.

"வீட்டுப் பக்கம் வண்டியத் திருப்பட்டுமான்னு கேட்டேன். நேரமில்லடான்னுட்டான், ஹசீபா" என்றான்.

செத்தீஃபுக்கு மூன்றரை மணி நேரம் உட்கார்ந்து போனாய். விமான நிலையத்திலிருந்து நம் வீடு அரை மணி நேரம். அம்மா உள்ளே போய் வெங்காயம் உரித்தாள். சமையல் முடிந்து ஒரு மணி நேரமாகியிருந்தது.

சட்டப்படி இமாம் முன்னால் யாரை உட்கார வைப்பது என்று நானே முடிவு செய்யலாம். உன் இடத்தில் இன்னொருவனை உட்கார வைக்க மனசு வரவில்லை, அதனால்தான் இத்தனை நாள் அவமானப்பட்டேன். இப்போது மனசு வந்துவிட்டது.

ஹசீபா

மாண்ட்ரியால், மே 12

ஹசீபா,

தப்புதான். ஒரு டிராம் டிரைவர் கையைப் பிடித்து நாலு பேர் முன்னால் உட்கார என் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. உண்மை அதுதான். ஜூன் இருபதுக்கு டிக்கெட் போட்டுவிட்டேன், நேர் விமானம். என் இடத்தில் யாரையும் வைத்துவிடாதே. கெஞ்சிக் கேட்கிறேன்.

தௌஃபீக்

அல்ஜியர்ஸ், மே 31

தௌஃபீக்,

நேற்று வெள்ளிக்கிழமை நிக்காஹ் முடிந்தது. உன் இடத்தில் மௌலூத் உட்கார்ந்தான். ராபஹ் கையைப் பிடித்துக்கொண்டு இமாம் கேட்டதற்கெல்லாம் சத்தமாகப் பதில் சொன்னான். அப்புறம் அம்மா அவனுக்குத்தான் முதல் தட்டுக் குஸ்குஸ் வைத்தாள்.

டிக்கெட்டை ரத்து செய்யாதே. அம்மாவைப் பார்க்க வா, அவள் வாசலிலேயே நிற்பாள். நான் இனி அந்த வீட்டில் இல்லை. என் புது விலாசத்தை உறையின் மேல் எழுதவில்லை. அம்மாவிடமும் கேட்காதே, சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஹசீபா