"பாத்து" என்ற வார்த்தைக்குத் தடை

அன்புள்ள குட்டிமா,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் சுகம், நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் அங்கே அதைவிடச் சுகமாக இருக்க வேண்டும். என் எழுத்து போகப்போக எறும்பு மாதிரி சிறுத்துவிடும், அது நடுக்க வியாதியின் வேலை, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படி. போனில் சொல்லலாமே என்பாய். நாம் பேசும்போதெல்லாம் அப்பா என் முழங்கையைப் பிடித்தபடி பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார், நான் எதைச் சொல்ல?

போன வருஷம் குளியலறையில் விழுந்தேன் அல்லவா, அன்றிலிருந்து காலை எடுத்து வைத்தாலே தரை சரிகிற மாதிரி ஒரு பயம். அப்பாவுக்கு என்னைவிடப் பயம். கட்டில், நாற்காலி, கழிவறை, அவ்வளவுதான் என் உலகம். கடைக்குப் போனால் அறைக் கதவை வெளியே தாழ் போட்டுவிட்டுப் போகிறார், அந்த அரைமணியில்தான் இதை எழுதுகிறேன். கோபித்தால் "உன் நல்லதுக்குத்தானே" என்கிறார். முப்பது வருஷம் வார்டு வார்டாக நடந்த நர்ஸின் கால் இது. தாழ்ச் சத்தம் கேட்டால் அழுகை வந்துவிடுகிறது, உன்னிடம் மறைப்பானேன்.

டாக்டர் சொல்லி, வாரம் மூன்று நாள் பிசியோதெரபிக்கு ஒரு பெண் வருகிறாள். முதல் நாள் எங்கள் இருவரையும் ஹாலில் நடக்கவிட்டு, காகிதத்தில் கோடு கோடாகப் போட்டுக்கொண்டிருந்தாள். என் அடிகளை எண்ணுகிறாள் என்று நினைத்தேன். பத்து நிமிஷத்தில் அப்பா முப்பத்தொரு தடவை "பாத்து" என்றாராம், அதைத்தான் எண்ணியிருக்கிறாள்! அவர் சொல்லச் சொல்ல என் கால் தரையோடு ஒட்டிக்கொள்கிறதாம். "சார், உங்க கை தாங்குது, உங்க வாய் தள்ளிவிடுது" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டாள். அப்பாவுக்குச் சுருக்கென்றது. அன்றிலிருந்து அந்த வார்த்தைக்கு வீட்டில் தடை. பாவம், அவரால் முடியவில்லை, "பா" என்று ஆரம்பித்து "பால் குடிக்கிறியா" என்று முடிக்கிறார். ஒரு நாளைக்கு ஆறு டம்ளர் பால் குடிக்கிறேன்.

அந்தப் பெண் தரையில் கலர் டேப் ஒட்டி, அதைத் தாண்டித் தாண்டி நடக்கச் சொல்கிறாள், கால் நின்றுவிட்டால் எண்ணிக்கொண்டே எடுத்து வைக்க வேண்டும். நிற்கும்போது தோளை லேசாகத் தள்ளிவிடுகிறாள், நான் காலை மாற்றி வைத்துச் சமாளிக்க வேண்டும். பிறகு தரையில் மெத்தை போட்டுப் படுக்கவைத்து எழுந்திருக்கப் பாடம். "விழுந்தா எந்திரிச்சிடலாம்னு தெரிஞ்சாலே பாதி பயம் போயிடும்மா" என்கிறாள். அப்பாவோ "தள்ளிவிடறதுக்கா ஒரு படிப்பு" என்று முணுமுணுக்கிறார். இன்னொரு தடவை நான் விழுந்தால் அவளை நிறுத்திவிட்டுச் சக்கர நாற்காலி என்று முடிவு செய்திருக்கிறார். அதுதான் சரி என்று நீயும் போனில் சொன்னாய், கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

குட்டிமா, செவ்வாய்க்கிழமை நான் விழுந்துவிட்டேன். அப்பா குளிக்கப் போயிருந்தார், ஹால் ஜன்னல் வரை போய்த் தெருவைப் பார்க்கலாமே என்று எனக்கு ஆசை. அறை வாசலில் கால் ஒட்டிக்கொண்டது, ஒன்று இரண்டு எண்ணுவதற்குள் சாய்ந்துவிட்டேன். கத்த வாயெடுத்தேன், கத்தவில்லை. ஒருக்களித்தேன், முழங்கையை ஊன்றினேன், மண்டியிட்டுத் தவழ்ந்து நாற்காலியைப் பிடித்தேன். எழுந்துவிட்டேன்! குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது. ஜன்னலுக்கும் போனேன். எதிர்வீட்டுக்காரர் சைக்கிளுக்குக் காற்றடித்ததை முழுசாகப் பார்த்துவிட்டு, அப்பா வருவதற்குள் வந்து உட்கார்ந்துவிட்டேன். இடுப்பில் உள்ளங்கை அளவு கன்றியிருக்கிறது. அழுத்திப் பார்த்தேன், எலும்புக்கு ஒன்றுமில்லை, எனக்குத் தெரியாதா.

எழுந்ததைச் சொன்னால் விழுந்ததையும் சொல்ல வேண்டும். இந்த சந்தோஷத்தை இந்த வீட்டில் யாரிடம் சொல்வேன்? அப்பாவைக் கோபித்துக்கொள்ளாதே, அவர் பிரியத்தில்தான் பூட்டுகிறார், அதனால்தான் என்னால் சண்டைகூடப் போட முடியவில்லை.

நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல் நெடுங்காலம் நன்றாக இருக்க வேண்டும். பேத்திக்கு என் முத்தம். வேளைக்குச் சாப்பிடு. ஞாயிற்றுக்கிழமை போன் செய்யும்போது இதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டுவிடாதே. "கெட்டிக்காரிம்மா நீ" என்று மட்டும் ஒரு தடவை சொல். எதற்கு என்று அப்பா கேட்டால், ஏதாவது சொல்லிச் சமாளித்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா