ஊசி போட்டதாக ஒரு தலையசைப்பு

ஐப்பசி 14, வெள்ளி.

செவ்வேளே, என் நாவுக்குக் காவல் நில்.

காய்ச்சலோடு இருந்த என்னை மருமகள் சுமதி காலையில் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றாள். செவிலி என் மூக்கில் குச்சி விட்டுச் சளி எடுத்தபின், தாத்தா என்னும் பொருளில் எங்கள் ஊர் வழக்கப்படி விளித்து, "அஜ்ஜா, இந்த வருஷம் ஃப்ளூ ஊசி போட்டீங்களா?" என்றாள்.

"போன மாசமே போட்டுக்கிட்டாரு சிஸ்டர்," என்றாள் சுமதி.

நானும் தலையசைத்தேன். உண்மையில் அன்று ஊசிக்கென்று புறப்பட்டவன், கோயிலில் வாய்மை பற்றிய சொற்பொழிவில் அமர்ந்துவிட்டேன்; வீட்டில் அதைச் சொல்லவில்லை.

செவிலி குறித்துக்கொண்டாள். "காய்ச்சலோட வர்ற எல்லாரையும் கேக்கறோம். ஃப்ளூ இருக்கறவங்க, இல்லாதவங்க, ரெண்டு பக்கமும் எத்தன பேரு ஊசி போட்டவங்கன்னு ஒப்பிட்டாத்தான் ஊசி காப்பாத்துதான்னு தெரியும்."

மாலையில் முடிவு வந்தது. ஃப்ளூதான்.

"ஊசி போட்டும் வந்துடுச்சே மாமா. பசங்களுக்கு வேண்டாம், விட்டுடலாம்," என்றாள் சுமதி.

அதற்குமேல் மறைக்க இயலவில்லை. சொல்லிவிட்டேன்.

அவள், "சத்தியத்தைப் பத்திக் கேட்டுட்டு வந்தா பொய் சொன்னீங்க?" என்று கைப்பேசியை நீட்டினாள். "முதல்ல அந்த சிஸ்டர்கிட்ட சொல்லுங்க."

சொன்னேன். செவிலி கடிந்துகொள்ளவில்லை, திருத்திக்கொண்டாள். பிள்ளைகளுக்கு நாளை ஊசி.

இதை என்றேனும் படிப்பவரும் அவர் மனையும் நோயின்றி வாழ்க. இவ்வீடும் வாழ்க.