கருப்புக்கு அடுத்த பட்டைகள்

என் பிரியமான அண்ணனுக்கு,

யட்டியாந்தோட்டையில் நம் கடை திறந்துதான் இருக்கிறது. வீட்டுக்குள் தியேட்டர் வைப்பவர்களுக்கு ப்ரொஜெக்டர் மாட்டி, படத்தைச் சீராக்கிக் கொடுக்கும் வேலையை இப்போது நான் ஒருவனாகவே பார்க்கிறேன். ஆனால் எனக்குப் பயமாக இருக்கிறது அண்ணே. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

போன வாரம் கரவனெல்லையில் ஒரு ரப்பர்த் தோட்டக்காரர் வீடு. திரைச்சீலையெல்லாம் இழுத்து மூடிவிட்டு, கருப்பிலிருந்து வெள்ளை வரை வரிசையாக நிற்கும் சாம்பல் பட்டைகளைத் திரையில் போட்டேன். கருப்புக்கு அடுத்த பட்டைகள் லேசாகவாவது பிரிந்து தெரிய வேண்டும், இல்லையா? தெரியவில்லை. இருண்ட இடங்களை வெளிச்சமாக்கும் காமா அளவை மாற்றினேன், பிரைட்னஸைக் கூட்டினேன். தெரிகிற அளவுக்கு வந்ததும் படத்தை ஓடவிட்டுக் காட்டினேன்.

வீட்டு அம்மா முகம் சுளித்தார். இருட்டுக் காட்சியெல்லாம் பால் ஊற்றியதுபோல் வெளுத்துக் கிடக்கிறதாம். பழைய அளவுக்கே திருப்பிப் பட்டைகளைப் போட்டேன். எனக்கு மறுபடி ஒரே கருப்பு. அவரோ எழுந்து வந்து ஒவ்வொரு பட்டையாகத் தொட்டுக் காட்டினார்.

"மல்லிட்ட பேன்னே நெத்த?"

தம்பிக்குத் தெரியவில்லையா என்று அவர் சிங்களத்தில் சாதாரணமாகத்தான் கேட்டார்.

உங்கள் கடைசி வருடத்தில் நீங்கள் சீராக்கிய படமெல்லாம் இப்படித்தானே வெளுத்திருந்தது? அண்ணனுக்கு வெள்ளைமேல் ஆசை வந்துவிட்டது என்று நான் கேலி செய்வேன். நீங்களும் சிரிப்பீர்கள்.

நேராக அண்ணியிடம் போய்க் கேட்டேன். அண்ணி கடைசியில் சொல்லிவிட்டார்.

"பொழுது சாஞ்சா அவருக்கு கண்ணு தெரியாது தம்பி. என் தோளப் புடிச்சிக்கிட்டுதான் நடப்பாரு. ஒங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரு."

லொறி மோதி நீங்கள் போன அந்த மழை மாலையில், லொறிக்காரன் லைட் போடவில்லை என்று ஊரே ஏசியது. மற்றவர்கள் எல்லாரும் ஒதுங்கி நின்றார்களே, நீங்கள் மட்டும் ஏன் ரோட்டில் இறங்கினீர்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. ஏன் அண்ணே மறைத்தீர்கள்? எனக்குத் தோள் இல்லையா?

அதே ரோட்டில்தான் நானும் அந்தியில் பைக்கில் வருகிறேன். முன்னால் இருப்பது குழியா நிழலா என்று தெரியாமல், ஊகத்தில்தான் இத்தனை நாளும் ஓட்டியிருக்கிறேன். ஆஸ்பத்திரிக்குப் போகவும் பயம். போனால் இதற்கு ஒரு பெயர் சொல்லிவிடுவார்கள். போகாமலே காலத்தை ஓட்டிவிடலாம் என்றுதான் நினைத்தேன்.

நான் கிளம்பும்போது அண்ணி வாசலைக் காட்டினார். உங்கள் மகள் செல்வி படியில் குனிந்து, காலடியிலேயே கிடந்த செருப்பைக் கையால் தடவித் தேடிக்கொண்டிருந்தாள். எங்களுக்கெல்லாம் அது நன்றாகத் தெரிகிற வெளிச்சம். எனக்கே அந்தச் செருப்பு தெரிந்தது அண்ணே.

அடுத்த கண் கிளினிக்குக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போகிறேன். பைக்கில் இல்லை, பஸ்ஸில். முதலில் நான் பரிசோதனைக்கு உட்காருவேன். தெரியாததை எல்லாம் தெரியவில்லை என்று சத்தமாகவே சொல்வேன், அவள் காதில் விழும்படி. இது சத்தியம்.

உங்கள் தம்பி,
செல்வியின் சித்தப்பா