கியர்பாக்ஸ் மறைத்த மூடி

நேற்று ஒரு பழைய எஞ்சினின் பின்பக்க மூடியை உளியால் குத்தினேன். உள்ளேயிருந்து காவேரிச் சேறு வழிந்தது. துருவும் ஆற்று மண்ணும் கலந்த அந்த நாற்றம் மூக்கில் ஏறியதும் உங்கள் ஞாபகம் வந்தது. நல்ல வாசனை எதற்கும் நீங்கள் எனக்கு ஞாபகம் வந்ததில்லை.

இப்போதும் 'நீங்கள்' என்றே எழுதுகிறேன். மரியாதை அல்ல, பழக்கம். நீங்கள் இறந்த அன்று பாலக்கரையிலிருந்து ஆள் அனுப்பினார்கள். நான் வரவில்லை. வந்திருந்தால் உங்களைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லச் சொல்லியிருப்பார்கள்.

ஐம்பதுகளின் கடைசியில் பாலக்கரைப் பட்டறையில் நீங்கள் ஹெட் மெக்கானிக். மதராஸில் வாங்கிய சர்டிபிகேட்டைக் கண்ணாடி போட்டுச் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தீர்கள். காலையில் ஊதுபத்தி காட்டுவது எதற்கு என்று எனக்குக் கடைசிவரை விளங்கவில்லை. உங்களுக்குக் கீழே வேலை பார்த்த நான் யாரிடமும் படிக்காதவன். பழைய எஞ்சின்களைப் பிரித்துப் பிரித்துக் கற்றவன்.

ஸ்ரீரங்கத்து டாக்டரின் கறுப்புக் கார் தண்ணீர் ஒழுகுகிறது என்று வந்தது. எஞ்சினுக்குள் தண்ணீர் நிற்கும் இடத்தை அடைத்திருக்கும் வட்ட மூடிகள் அதில் நான்கு. மூன்று பக்கவாட்டில், கண்ணுக்குத் தெரியும். நான்காவது பின்னால், கியர்பாக்ஸை இறக்கினால்தான் கைக்கு எட்டும். டாக்டர் வீட்டு டிரைவர் படித்துறையில் குடத்தை முக்கி, வடிகட்டாமல் ஊற்றுகிறவர். காவேரித் தண்ணீர் காருக்கும் நல்லது என்பது அவர் எண்ணம். எஞ்சின் சற்றுப் பின்னோக்கிச் சாய்ந்திருக்கும். மண்ணெல்லாம் அந்தப் பின் மூடியில்தான் படிந்து அரிக்கும்.

"அண்ணே, நாலையும் மாத்திடுவோம். பின்னால இருக்கிறதுதான் மொதல்ல போகும்" என்றேன்.

"கியர்பாக்ஸை உங்கப்பனா வந்து எறக்குவான்? ஒழுகுறதை மட்டும் மாத்துடா" என்றீர்கள்.

பக்கவாட்டு மூன்றையும் பித்தளையில் போட்டேன். நடுவில் புடைத்த தட்டு அது. துளையில் வைத்து நடுவே ஒரே அடி. புடைப்பு அமுங்கி, விளிம்பு விரிந்து கவ்விக்கொள்ளும். நான் வைத்து அடிக்கும் 'பஞ்ச்' என்ற இரும்புக் குச்சியின் முனையில் ஒரு சிறு உடைசல் உண்டு. அடித்த இடத்தில் பிறை போலத் தழும்பு விழும். டாக்டரிடம் நீங்கள் "நாலும் புதுசு சார்" என்றீர்கள். நான் வாயை மூடிக்கொண்டு நின்றேன். அது என் தப்பு.

பத்து நாளில் அந்தக் கார் காவேரிப் பாலத்தின் நடுவில் கொதித்து நின்றது. பிரசவம் பார்க்கப் போய்க்கொண்டிருந்த டாக்டர் பையைத் தூக்கிக்கொண்டு வெயிலில் நடந்தார். தாயும் பிள்ளையும் பிழைத்தது உங்கள் அதிர்ஷ்டம். சாயங்காலம் பட்டறைக்கு வந்து, "யார் போட்டது?" என்று கேட்டார். கியர்பாக்ஸுக்கு அடியில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. நீங்கள் அதைப் பார்த்தீர்கள். பிறகு என்னைப் பார்த்தீர்கள்.

"இவன்தான் சார், தானாக் கத்துக்கிட்ட பய. பக்கவாட்டு மூடி விட்டுடுச்சு, தண்ணி வழிஞ்சு பின்னால போகுது. மூணையும் நானே திரும்பப் போட்டுத் தரேன்."

"பின்னாலேர்ந்துதாங்க வருது" என்றேன்.

"சர்டிபிகேட் இல்லாதவன் கையில விட்டது என் தப்பு" என்றார் டாக்டர்.

அன்றோடு வேலை போயிற்று. அரியமங்கலத்தில் தனியாகக் கொட்டகை போட்ட பிறகும் பல வருஷம் ஸ்ரீரங்கத்துக் கார் ஒன்றுகூட என்னிடம் வரவில்லை. 'டாக்டர் காரை வேக வச்சவன்' என்பதுதான் அங்கே என் பெயர்.

அந்தக் கார்தான் இப்போது வந்தது. டாக்டரின் பேரன் கொண்டுவந்தார். கியர்பாக்ஸ் அடியில் சொட்டு. "பாலக்கரையில ஒருத்தன் இந்த வண்டியை வேக வச்சுட்டான்னு தாத்தா சொல்வாருங்க" என்று சிரித்தார்.

"அது நான்தான்" என்றேன். சிரிப்பு நின்றது.

அழுக்கைச் சுரண்டித் துடைத்தேன். பக்கவாட்டில் மூன்று பித்தளை மூடிகள். மூன்றிலும் என் பிறை. நீங்கள் அவற்றைத் தொடவே இல்லை. கியர்பாக்ஸை இறக்கினால், பின்னால் ஓர் இரும்பு மூடி. அதன்மேல் நாலைந்து கோணல் அடி. ஒரே அடியில் உட்கார வைக்க உங்களுக்கு என்றைக்கு வந்தது? என்னை அனுப்பிவிட்டு, நான் மாற்றச் சொன்னதைத்தான் மாற்றியிருக்கிறீர்கள். அதையும் துரு தின்றிருந்தது.

பேரனுக்கு எல்லாவற்றையும் காட்டினேன். குனிந்து பார்த்தார். "அப்பவே தாத்தாகிட்ட சொல்லியிருக்கலாமேங்க" என்றார்.

"சொன்னேன்" என்றேன்.

"பித்தளை மூணும் நல்லாத்தானே இருக்கு ஐயா. பின்னால இருக்கிறதை மட்டும் மாத்துனா போதாதுங்களா?"

உங்கள் பேச்சேதான். சரி என்றிருந்தால் அந்த மூன்று பிறைகளும் வண்டியிலேயே இருந்திருக்கும், கேட்கிறவர்களுக்கெல்லாம் காட்டியிருக்கலாம். டாக்டரும் இல்லை, நீங்களும் இல்லை. எனக்கு இருக்கும் சாட்சி அவை மட்டுமே. ஆனால் ஒன்று போனால் நாலையும் மாற்ற வேண்டும் என்று சொன்னவன் நான். உங்களைப் பொய்யர் என்று காட்டுவதற்காக அதை மாற்றிக்கொள்ள முடியுமா?

"நாலையும் மாத்தணும்" என்றேன்.

என் மூன்றையும் நானே குத்தி நெம்பினேன். பிறைகள் கிழிந்து, வளைந்து, உங்கள் துரு மூடி கிடந்த டப்பாவிலேயே விழுந்தன. அது மட்டும் பொறுக்கவில்லை. உங்களுடையதைப் பொறுக்கி வெளியே எறிந்தேன்.

புதிய மூடிகளில் பின்பக்கத்துக்கானதை முதலில் போட்டேன். ஒரே அடி. அதே பஞ்ச், அதே உடைசல். கியர்பாக்ஸை ஏற்றியதும் அந்தப் பிறை மறைந்துவிட்டது. இனி யாராவது இறக்கினால்தான் தெரியும். பஞ்ச் குச்சியைத் துடைத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.