தொள்ளாயிரம் டன் மீனுக்கு உப்பு

அன்பு தைவா,

நீயும் குழந்தையும் நலந்தானே? எனக்கு ஒரு குறையுமில்லை. என் பொறுப்பிலுள்ள மீன் உப்பிடும் பிரிவு செலவு வரம்பை மீறிவிட்டதென்று ஆலைக் கணக்காளர் சூல்வெய்க் இன்று காலை உறுதிசெய்தார். அது என் தவறா என்ற முடிவு தெரியும்வரை எனக்கு விடுப்பு இல்லை.

அறுநூறு டன் மீனுக்குத்தான் செலவு ஒதுக்கியிருந்தார்கள், வந்ததோ தொள்ளாயிரம். மறுத்தால் மீன் அழுகும், வாங்கினால் நான் குற்றவாளி.

"மீன் கூடுனா உப்பு கூடாதா? கடல்கிட்ட போய்க் கேளுங்க!" என்றேன்.

சூல்வெய்க் சிரித்துவிட்டார். "மீன் எவ்வளவு வந்தாலும் வாடகை மாறாது, உப்புச் செலவு மாறும். தொள்ளாயிரம் டன்னுக்கு எவ்வளவு ஆகணுமோ அதோட ஒப்பிட்டுப் பாக்குறேன். ஆனா ரிமந்தாஸ், உங்க ஆளுங்க ஒடைச்ச பெட்டிக்கு அப்பவும் நீங்கதான் பதில் சொல்லணும்!"

அது நியாயந்தான்.

கம்பளிக் காலுறை அனுப்பு. குழந்தையின் பேச்சையும் பதிவுசெய்து அனுப்பு, நீளமாக. அடுத்த படகு வந்துவிட்டது. சூல்வெய்க்கின் புதுக் கணக்கைப் பார்த்து முதலாளி வெள்ளிக்கிழமை முடிவு சொல்வார். அதுவரை ஈஸ்டருக்கு வருகிறேனென்று குழந்தையிடம் சொல்லாதே.

ரிமந்தாஸ்